ஆருஷாவில் இரண்டு கோர்ட்டு: உங்களுக்குத் திறக்கும் கதவு எது?

கேள்வி: கம்பாலாவில் 11 வருடமாக மளிகை மொத்த வியாபாரம் செய்கிறேன். சொந்த ஊர் விருதுநகர். கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட். மனைவி உகாண்டாக்காரர், எங்கள் பகுதிச் சந்தை வியாபாரிகள் சங்கத்தின் செயலாளர். கடை வாடகையை ஏற்றுவதற்கு முன் எங்களையும் கேளுங்கள் என்று சங்கம் கூட்டம் போட்டது. அடுத்த வாரமே ‘மறு உத்தரவு வரும்வரை சங்கம் இயங்கக் கூடாது’ என்று உள்ளூர் நிர்வாகம் சந்தை வாசலில் ஆணை ஒட்டிவிட்டது. தேதி மார்ச் 12. ஆருஷாவில் ஆப்பிரிக்க நீதிமன்றம் இருக்கிறது, நேரே அங்கே போகலாம் என்கிறார் நண்பர். போகலாமா? இங்குள்ள கோர்ட்டுகளை முடித்துவிட்டுத்தான் போக வேண்டுமா? மனுவில் நானும் சேரலாமா?

பதில்: முதலில் காலண்டரை எடுத்து மே 12-ஐச் சுழித்து வையுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நண்பர் ஊரைச் சரியாகச் சொல்லிவிட்டார், கட்டடத்தைத்தான் மாற்றிச் சொல்லிவிட்டார். தான்சானியாவின் ஆருஷா நகரில் இரண்டு நீதிமன்றங்கள் இருக்கின்றன. வழக்கறிஞர்களே சில சமயம் குழப்பிக்கொள்வார்கள்.

ஒன்று, ஆப்பிரிக்க ஒன்றியத்தின் மனித உரிமை நீதிமன்றம். கண்டம் முழுவதற்குமானது, பெயரும் பெரியது. ஆனால் தனிமனிதர் ஒருவர் அங்கே நேரடியாக வழக்குப் போட, அவருடைய அரசு ‘எங்கள் மக்கள் வரலாம்’ என்று தனியாக ஒரு பிரகடனம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். உகாண்டா அந்த நீதிமன்றத்தை ஏற்றுக்கொண்ட நாடுதான். பிரகடனத்தை மட்டும் கொடுக்கவே இல்லை. கொடுத்த நாடுகளும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்கின்றன: 2016-ல் ருவாண்டா, 2019-ல் தான்சானியா, 2020-ல் பெனினும் ஐவரி கோஸ்ட்டும், 2025-ல் துனிசியா. தான்சானியாவைப் பாருங்கள். நீதிமன்றம் இருப்பதே அதன் மண்ணில். கட்சி சாராத சுயேச்சைகள் தேர்தலில் நிற்க முடியாது என்ற அதன் சட்டம் தவறு என்று 2013-ல், பாதிரியார் கிறிஸ்டோபர் ம்திகிலா தொடுத்த வழக்கில், அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் மாறவில்லை. ஆறு வருடம் கழித்துப் பிரகடனம்தான் திரும்பப் போனது.

ஆகவே அந்தக் கதவை மறந்துவிடுங்கள். உங்களுக்கானது இரண்டாவது: கிழக்கு ஆப்பிரிக்க சமூகத்தின் நீதிமன்றம். 1999-ல் கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் பிறந்தது. இன்று சோமாலியா வரை எட்டு நாடுகள் அதற்குள் இருக்கின்றன. ஒப்பந்தத்தின் 30-வது பிரிவைப் படித்தால் உங்கள் மூன்றாவது கேள்விக்கு விடை கிடைத்துவிடும். உறுப்பு நாட்டில் ‘வசிக்கும் எவரும்’ வழக்குத் தொடுக்கலாம் என்கிறது அது. குடிமகனாக இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. 11 வருடமாக அங்கே குடியிருக்கும் உங்களுக்கு அந்தத் தகுதி உண்டு. உள்ளூர் கோர்ட்டுகளை முடித்துவிட்டு வா என்ற நிபந்தனையும் கிடையாது. நடவடிக்கை எடுத்தது நகர நிர்வாகமாக இருந்தாலும், வழக்கு உகாண்டாவின் அட்டர்னி ஜெனரல் மீதுதான்.

இனி அந்த மே 12. ஆணை பிறந்த நாளிலிருந்து, அல்லது அது உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து, இரண்டே மாதத்துக்குள் மனு பதிவாகிவிட வேண்டும். நீட்டித்துக் கொடுங்கள் என்று கேட்டுப் பயனில்லை. நல்ல வழக்குகள் பல தகுதி இல்லாமல் தோற்கவில்லை, இந்தக் கெடுவில்தான் செத்தன. உகாண்டாவின் ஹோய்மாவிலிருந்து தான்சானியாவின் தாங்கா துறைமுகம் வரை 1,443 கிலோமீட்டருக்குக் கச்சா எண்ணெய்க் குழாய் போடும் திட்டத்தை எதிர்த்துப் பொதுநல அமைப்புகள் 2020 நவம்பரில் போட்ட வழக்கு ஒன்று. மூன்று வருடம் இழுத்து, 2017-லேயே வந்திருக்க வேண்டும் என்று 2023-ல் தள்ளுபடியானது. உள்ளூர் கோர்ட்டில் வழக்கு நடக்கிறதே என்று காத்திருந்தாலும் இந்தக் கடிகாரம் நிற்காது. அங்கும் போடுங்கள், ஆருஷாவிலும் போடுங்கள். ஒன்றுக்காக மற்றொன்றை நிறுத்தி வைக்காதீர்கள்.

இவ்வளவு குறுகிய கெடு எங்கிருந்து வந்தது? கிழக்கு ஆப்பிரிக்க சமூகத்தின் பொது நாடாளுமன்றத்துக்கு ஒவ்வொரு உறுப்பு நாட்டிலிருந்தும் ஒன்பது பேரை அந்தந்த நாடாளுமன்றம் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். 2006-ல் கென்யாவில் கட்சிகள் தங்களுக்குள் பேசி ஒரு பட்டியலை அனுப்பிவைத்தன, தேர்தல் நடக்கவில்லை. கென்ய அரசியல்வாதி பீட்டர் அன்யாங் ந்யோங்கோவும் சிலரும் வழக்குப் போட, நீதிமன்றம் அந்த ஒன்பது பேரின் பதவியேற்பை நிறுத்தியது. அரசுகளுக்குக் கோபம். சில வாரங்களுக்குள் ஒப்பந்தத்தையே திருத்தினார்கள். மேல்முறையீட்டுப் பிரிவும் இந்த இரண்டு மாதக் கெடுவும் அந்தத் திருத்தத்தில் நுழைந்தவைதாம். மக்கள் உள்ளே வர முடியாதபடி கதவைச் சாத்தவில்லை, திறந்திருக்கும் நேரத்தைக் குறைத்துவிட்டார்கள்.

அடுத்தது, மனுவை எழுதும் விதம். ‘என் மனித உரிமை மீறப்பட்டது’ என்று தொடங்கினால் அரசுத் தரப்பு அங்கேயே மடக்கும். மனித உரிமை வழக்கு என்ற தனி அதிகாரத்தை அரசுகள் இந்த நீதிமன்றத்துக்கு இன்னும் கொடுக்கவில்லை. ‘உகாண்டா ஒப்பந்தத்தின் 6(ஈ), 7(2) பிரிவுகளை மீறியது’ என்று எழுதுங்கள். நல்லாட்சி, ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி, வெளிப்படைத்தன்மை எல்லாம் அந்தப் பிரிவுகளில் இருக்கின்றன. இந்த வழியைத் திறந்துவிட்டது உங்கள் ஊர் வழக்குதான். கம்பாலாவில் தேசத்துரோக வழக்கில் சிறையிலிருந்தவர்களில் 14 பேருக்கு உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. ஜாமீன் பத்திரம் எழுதிக்கொண்டிருக்கும்போதே பாதுகாப்புப் படையினர் கோர்ட்டைச் சூழ்ந்துகொண்டு, அவர்களைத் திரும்பச் சிறைக்கே இழுத்துப்போனார்கள். ஜேம்ஸ் கடபாசியும் மற்றவர்களும் ஆருஷாவுக்குப் போனார்கள். இது மனித உரிமை வழக்கு, உங்களுக்கு அதிகாரமில்லை என்றது அரசு. மனித உரிமைப் பேச்சு வருகிறது என்பதற்காக ஒப்பந்தத்துக்குப் பொருள் சொல்லும் வேலையைக் கைவிட மாட்டோம் என்று 2007 நவம்பரில் சொன்னது நீதிமன்றம். அரசு சட்டத்தின் ஆட்சியை மீறியது என்றும் தீர்ப்பளித்தது. உங்கள் வழக்கறிஞர் முதல் பக்கத்திலேயே காட்ட வேண்டிய தீர்ப்பு இது.

வென்றால் என்ன கிடைக்கும்? பெரும்பாலும் ஓர் அறிவிப்பு: ‘இந்த ஆணை ஒப்பந்தத்துக்கு முரணானது.’ அதை அமல்படுத்தப் போலீஸ் வராது. தான்சானியாவின் 2016 ஊடகச் சட்டத்தில் பல பிரிவுகள் செல்லாது என்று 2019-ல் தீர்ப்பு வந்தது. சில பிரிவுகளில் திருத்தம் வர 2023 ஆயிற்று. சந்தை வாடகை அதுவரை காத்திருக்காது. அதனால் மனுவோடு இடைக்காலத் தடை கேட்டும் விண்ணப்பம் போடச் சொல்லுங்கள்.

இனி என் சொந்தக் கருத்து. நீங்கள் சேரலாம், ஆனால் சேர வேண்டாம். வேலை அனுமதியைப் புதுப்பிக்க அலுவலகங்களுக்கு அலைய வேண்டியவர் நீங்கள். எதிர்க்கப்போவதோ அந்த அரசை. உங்கள் மனைவி தன் சொந்தப் பெயரில் மனுதாரராக இருக்கட்டும், இரண்டு மூன்று கடைக்காரர்களும் சேரட்டும். சங்கத்தின் பெயரில் மட்டும் போட்டால், முடக்கிய சங்கம் வழக்குப் போடுமா என்ற வாதத்திலேயே ஒரு வருடம் போய்விடும்.

மனுவைக் கொடுக்க ஆருஷா வரை பஸ் ஏற வேண்டாம், கம்பாலாவிலேயே துணைப் பதிவகம் இருக்கிறது. நீதிமன்ற மொழி ஆங்கிலம். உறுப்பு நாடு எதிலாவது உயர் நீதிமன்றத்தில் வாதாட உரிமை பெற்ற வக்கீல் போதும், நைரோபிக்காரராகவும் இருக்கலாம்.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஆணை இன்னும் வாசலில் ஒட்டியிருந்தால், தேதியும் முத்திரையும் தெரிய, சந்தைப் பெயர்ப்பலகையும் சேர்ந்து விழும்படி படம் எடுங்கள். கூட்டத்துக்கு வந்தவர்கள் கையெழுத்துப் போட்ட தாளின் அசல் வீட்டிலேயே இருக்கட்டும், வக்கீலுக்கு நகல் போதும். மழை வந்தால் பசை விட்டுப் போகும், போய் எடுத்துவிடுங்கள்.