சாலரியும் உப்பும்

கேள்வி: ரோமானியப் படைவீரர்கள் உப்பையே ஊதியமாகப் பெற்றார்கள், அதிலிருந்துதான் 'சாலரி' என்ற சொல் வந்தது என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். சென்ற இதழில் அதை ஆதாரமற்ற கதை என்று எழுதிவிட்டீர்கள். லத்தீனில் உப்புக்கு 'சால்' என்றே பெயர் இருக்கும்போது வேறென்ன ஆதாரம் வேண்டும்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: 'சாலரி' என்பது லத்தீன் 'சலாரியம்' வழியே 'சால்' என்னும் உப்பிலிருந்து வந்தது என்பதைச் சென்ற இதழிலும் நான் மறுக்கவில்லை. நான் மறுத்தது வீரனின் கையில் உப்பை அளந்து கொடுத்தார்கள் என்பதை மட்டுமே. ஒரு சொல்லின் வேரைக் காட்டிவிட்டு, அந்த வேரையே ஒரு வரலாற்று நிகழ்ச்சிக்குச் சாட்சியாக நிறுத்துவது முறையாகாது. ரோமிலிருந்து, சபைன் என்னும் பழங்குடியினர் வாழ்ந்த நாட்டின் வழியே ஏட்ரியாடிக் கடற்கரைக்குச் செல்லும் பழஞ்சாலைக்கு 'வியா சலாரியா' என்று பெயர். அவ்வழியே உப்பு கொண்டு செல்லப்பட்டது என்பதுதான் அதன் பொருளே தவிர, சாலை உப்பால் ஆனது என்று யாரும் கொள்வதில்லை.

இக்கதைக்கு ஆதாரமாக வழக்கமாகக் காட்டப்படுபவர் கி.பி. 79இல் இறந்த ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி. அவருடைய இயற்கை வரலாற்றின் 31ஆம் நூலில், பதவிச் சிறப்புகளிலும் படைப்பணியிலும் உப்புக்கு இடமுண்டு என்றும், 'சலாரியம்' என்ற பெயர் அதனால் வந்தது என்றும் ஒரு சிறு குறிப்பு இருக்கிறது. அங்கேயே பழைய ரோமை ஆண்ட அன்கஸ் மார்சியஸ் மன்னன் உப்பு வழங்கிய செய்தியும் வருகிறது. ஆனால் அவன் வழங்கியது பொதுமக்களுக்கு. வீரர்களுக்கு உப்பே ஊதியம் என்று அவர் எழுதவில்லை. நமக்குக் கிடைத்துள்ள பழைய ரோமானிய நூல்களில் வேறெவரும் எழுதவில்லை.

வீரனின் ஊதியத்துக்கு ரோமானியர் வழங்கிய பெயரே வேறு. அது 'ஸ்டிபெண்டியம்'; காசைக் குறிக்கும் சொல்லும், நிறுத்துக் கொடுப்பதைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்து பிறந்தது; இன்று மாணவர்கள் பெறும் 'ஸ்டைபெண்ட்' அதன் வழித்தோன்றல். முதல் ரோமப் பேரரசன் அகஸ்டஸ் காலத்தில் 'லீஜியன்' என்னும் பெரும்படைப் பிரிவின் வீரனுக்கு ஆண்டுக்கு 225 டெனாரியஸ் வெள்ளிக்காசுகள் கிடைத்தன. கோவை, கரூர் வட்டாரங்களில் புதையல்களாகக் கிடைத்திருப்பவையும் பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து டெனாரியஸ்களே. இன்றைய இஸ்ரேலில் உள்ள மசாடா கோட்டையில் கிடைத்த பாப்பிரஸ் ஏடு ஒன்றில், கையஸ் மெஸ்ஸியஸ் என்னும் வீரன் பெற்ற 50 டெனாரியஸிலிருந்து பார்லிக்கும் உணவுக்கும் காலணிக்கும் மேலாடைக்கும் பிடித்தம் செய்த கணக்கு தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. உண்ணும் உணவுக்கே ஊதியத்தில் பிடித்தம் செய்த படை அது.

'சலாரியம்' நூல்களில் தெரிவது பெரும்பாலும் மேல்தட்டினர் பெற்ற பணமாகத்தான். நொடித்துப்போன செனட்டர்களுக்குப் பேரரசன் நீரோ ஆண்டுதோறும் அதை வழங்கினான் என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ். மாகாண ஆளுநருக்கு வழக்கமாக அளிக்கும் சலாரியத்தை பேரரசன் டொமிஷியன் தளபதி அக்ரிகோலாவுக்குத் தரவில்லை என்று குறைகூறுகிறார் இன்னொரு வரலாற்றாசிரியர் டாசிட்டஸ். பிரெஞ்சின் 'சலேர்', ஸ்பானிய, இத்தாலிய மொழிகளின் 'சலாரியோ' ஆகியவை இச்சொல்லின் நேர் வாரிசுகள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லும் நமக்கு இக்கதை இனிப்பது இயல்பே. அதனாலேயே 'சோல்ஜர்' என்ற சொல்லையும் உப்போடு சேர்த்துவிடுகிறார்கள். அது ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் அச்சிட்ட 'சொலிடஸ்' என்னும் பொற்காசிலிருந்து, கூலி பெறுபவன் என்ற பொருளில் வந்த சொல். 'சால்' என்பதற்கும் அதற்கும் உறவே இல்லை.