கல்வித் தொழில்நுட்பத்தில் பிஎச்.டி.: முதல் வருடத்தில் எதைப் பழகுவது?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: கணினி ஆசிரியராக இருந்துவிட்டு, கல்வித் தொழில்நுட்பத்தில் பிஎச்.டி. செய்ய வெளிநாட்டுக்கு வந்திருக்கிறீர்கள். கூடப் படிப்பவர்கள் புள்ளியியலைக் கரைத்துக் குடித்தவர்கள்போலப் பேசுகிறார்கள். நெறியாளரிடம் எதைக் கேட்டாலும் "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்கிறார். ஆய்வுத் திறனை எங்கிருந்து தொடங்குவது? முதலில் ஆர் (புள்ளியியல் கணக்குக்கான கணினி மொழி) கற்பதா, என்விவோ (நேர்காணல் போன்ற எழுத்துத் தரவை அலசும் மென்பொருள்) கற்பதா? நானும் இதே துறையில் முடித்துவிட்டு இந்தப் பக்கமே தங்கிவிட்டவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மென்பொருள் கொஞ்சம் காத்திருக்கட்டும். நம் துறையில் முதலில் பழக வேண்டியது, ஒப்பீடுகளைச் சந்தேகப்படுவது. "டேப்லெட்டில் படித்த வகுப்பு, புத்தகத்தில் படித்த வகுப்பைவிட நல்ல மதிப்பெண் வாங்கியது" என்று ஒரு கட்டுரை சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். டேப்லெட் வகுப்புக்குப் பாடம் எடுத்தது யார், ஆய்வாளரேவா? இரண்டு வகுப்புக்கும் ஒரே அளவு நேரம் கிடைத்ததா? தப்பான விடைக்குச் செயலி உடனே திருத்தம் சொன்னதா? அந்தத் திருத்தம்தான் பலன் தந்தது என்றால், அதையே தாளிலும் செய்திருக்கலாமே. புதுச் சாதனம் கையில் வந்த உற்சாகத்தில் மாணவர்கள் முதல் சில வாரம் நன்றாகப் படித்திருந்தால், அந்தப் பலன் ஆறு மாதம் கழித்தும் இருக்குமா?

இது நான் கண்டுபிடித்த சந்தேகம் இல்லை. 1983இல் ரிச்சர்ட் கிளார்க் எழுதிய ஒரு கட்டுரை துறையையே ஒரு உலுக்கு உலுக்கியது. கற்றலை மாற்றுவது கற்பிக்கும் முறை, ஊடகம் வெறும் வாகனம், மளிகைச் சாமானைக் கொண்டுவரும் லாரியால் நம் உடலுக்குச் சத்து ஏறாது என்பது அவர் வாதம். ராபர்ட் கோஸ்மா 1991இல் மறுத்து எழுதினார்: சில ஊடகங்களால் மட்டுமே செய்ய முடிகிற காரியங்கள் உண்டு, ஊடகத்தையும் முறையையும் அப்படிப் பிரித்துவிட முடியாது என்றார். இருவரையும் அடுத்தடுத்து உட்கார்ந்து படியுங்கள். நான் இப்போதும் பாதி கிளார்க் கட்சி. ஆனால் நீங்கள் எந்தக் கட்சி என்பது முக்கியமில்லை. அந்தச் சண்டையைப் படித்தபிறகு "இந்தச் செயலி பயன் தருமா?" என்று உங்களால் சும்மா கேட்க முடியாது. "செயலியில் உள்ள எந்த அம்சம், யாருக்கு, எந்தப் பாடத்தில்?" என்றுதான் கேட்க வரும். ஆய்வுக் கேள்வி பிறப்பது அங்கேதான்.

அடுத்து, மேற்கோளின் வேரைத் தோண்டுவது. ஒரு உதாரணத்தை முழுசாகவே சொல்கிறேன், ஏனென்றால் செயற்கை நுண்ணறிவு பற்றிய பேச்சில் இது அடிக்கடி உங்கள் கண்ணில் படும். "தனி ஆசிரியர் வைத்துப் படித்த மாணவர் இரண்டு திட்ட விலக்கம் மேலே போகிறார்" என்பார்கள். திட்ட விலக்கம் என்பது மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு, சிக்மா என்றும் சொல்வார்கள். இரண்டு சிக்மா என்றால், சராசரித் தனிப்பயிற்சி மாணவர், சாதாரண வகுப்பில் 98 சதவீதம் பேரை முந்திவிடுகிறார். கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் 1984இல் எழுதியது இது. அந்தக் கட்டுரையைத் திறந்து பாருங்கள். இரண்டு சிக்மாவுக்கு அடியில் முக்கியமாக இருப்பவை அவருடைய மாணவர்கள் இருவரின் முனைவர் பட்ட ஆய்வேடுகள். பாடங்கள் நிகழ்தகவும் வரைபடவியலும், கற்பித்தது ஏறக்குறைய மூன்று வாரம். தனிப்பயிற்சி மாணவர்களுக்கு இடையிடையே தேர்வும், பிழை திருத்தும் வாய்ப்பும் சேர்ந்தே கிடைத்தன. சாதாரண வகுப்புக்கு அந்தத் திருத்தம் இல்லை. ஆக, அந்த இரண்டு சிக்மாவில் ஆசிரியர் பக்கத்தில் இருந்ததன் பங்கு எவ்வளவு, திருத்தத்தின் பங்கு எவ்வளவு? 2011இல் கர்ட் வான்லேன் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது மனிதரின் தனிப்பயிற்சிக்குக் கிடைத்த விளைவு, அதே திட்ட விலக்க அளவில், 0.79. படிப்படியாக வழிகாட்டும் கணினிப் பயிற்றுநர்களுக்கு 0.76. இரண்டுமே நல்ல விளைவுகள்தான், ஆனால் 2 எங்கே, 0.79 எங்கே!

உங்கள் தலைப்பில் எல்லாரும் சொல்லும் ஒரு வாக்கியத்தை எடுத்து இப்படி மூலம்வரை போய்ப் பாருங்கள். கல்வி ஆய்வுகளைத் தேட எரிக் தரவுத்தளம் இலவசம். சேர்த்து வைக்க சோட்டெரோவும் இலவசம். ஆனால் அதில் பிடிஎஃப்களை நிரப்பி வைப்பது படித்ததாகாது. ஒவ்வொரு கட்டுரைக்கும் யார் பங்கேற்றார்கள், எதோடு ஒப்பிட்டார்கள், எதை அளந்தார்கள், எனக்கு எங்கே இடிக்கிறது என்று நாலு வரி எழுதி வையுங்கள். அந்த "இடிக்கிறது" வரிகள்தான் பிற்பாடு உங்கள் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயமாக மாறும்.

கணினி ஆள் என்பதால் எல்எம்எஸ் (இணையவழிப் பாடங்களை நடத்தும் கற்றல் மேலாண்மைத் தளம்) பதிவுகள் மேல் உங்களுக்குக் கண் போகும், நல்லதுதான். ஆனால் ஒரு மாணவரின் பதிவை வரி வரியாகக் கண்ணால் பாருங்கள். 7.02க்குப் பாடத்தைத் திறந்தார், 7.41க்கு வினாடி வினாவைத் திறந்தார், அதோடு சரி. நடுவில் அந்த 39 நிமிடம் படித்தாரா, போனில் பேசினாரா? கடைசிச் சொடுக்குக்குப் பிறகு எவ்வளவு நேரம் இருந்தார்? பதிவில் இருப்பது சொடுக்கிய நேரம் மட்டுமே. இடைவெளியை எத்தனை நிமிடத்தில் வெட்டுவது என்று முடிவு செய்வது நீங்கள், அந்த எல்லையை மாற்றினால் ஆய்வின் முடிவுகளும் மாறலாம். ஏன் அங்கே வெட்டினீர்கள் என்று ஆய்வேட்டில் சொல்லத் தெரிய வேண்டும்.

கேள்வித்தாள் ஆய்வு பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. பயனுள்ளதாக இருக்கிறதா, எளிதாக இருக்கிறதா என்று கேட்கும் 1989 டேவிஸ் மாதிரியை எடுத்து, புதுச் செயலியின் பெயரை மட்டும் மாற்றிப் போடும் ஆய்வுகள் ஏராளம். மாணவருக்குப் பிடித்திருக்கிறது என்பது வேறு, மாணவர் கற்றார் என்பது வேறு.

நேர்காணல் செய்யப் போகிறீர்கள் என்றால், ஒரே நேர்காணலை நீங்களும் ஒரு நண்பரும் தனித்தனியாகக் குறியிட்டு (ஒவ்வொரு பகுதிக்கும் அதன் கருத்தைச் சொல்லும் ஒரு பெயர் வைத்து), பிறகு உட்கார்ந்து சண்டை போடுங்கள். "உதவி" என்று நீங்கள் குறித்ததை அவர் "சார்ந்திருத்தல்" என்று குறித்திருப்பார். ஏன் என்று பேசும் அந்த ஒரு மணி நேரம், என்விவோ பயிலரங்கைவிட அதிகம் கற்றுத் தரும். குறிகள் ஒத்துப்போனால்தான் ஆய்வு நம்பகமானது என்று எல்லா அணுகுமுறைகளும் சொல்வதில்லை, அதையும் அப்போதே தெரிந்துகொள்வீர்கள்.

இப்போது நெறியாளர் விஷயம். பெரியவர் சொன்னால் கேட்டுக்கொள்வது என்று பழகி வந்த நமக்கு, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்பது தட்டிக்கழிப்பதுபோலத் தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை. உங்களை எதிர்வாதம் செய்யவைக்கப் பார்க்கிறார். சந்திப்புக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள்: இதைச் செய்தேன், இங்கே முட்டி நிற்கிறேன், இந்த இரண்டு வழியில் முதலாவதைத் தேர்ந்தெடுக்க நினைக்கிறேன், காரணம் இது. இப்படிப் போனால் அவரால் கைவைக்க ஏதாவது இருக்கும். சந்திப்பு முடிந்ததும் பேசியதைச் சுருக்கி அன்றைக்கே மின்னஞ்சல் போடுங்கள். அடுத்த முறை அவர் வேறு மாதிரிச் சொன்னால், "போன தடவை இப்படிப் பேசினோமே" என்று கேட்க உங்களுக்கும் பிடிமானம் இருக்கும். பேச ஆங்கிலம் தடுக்கிறது என்றால் எழுத்து கைகொடுக்கும்.

சொந்த நாட்டுப் பள்ளியில் தரவு சேகரிக்கும் எண்ணம் இருந்தால், அறநெறிக் குழு அனுமதியை முதல் வருடமே விசாரியுங்கள். பல்கலைக்கழகத்தின் அனுமதி மட்டும் பொதுவாகப் போதாது, அந்தப் பள்ளி நிர்வாகத்தின் அனுமதி, பெற்றோரின் சம்மதம், குழந்தைகளின் ஒப்புதல் எல்லாம் தேவைப்படும். படிவங்கள் பெற்றோர் வாசிக்கும் மொழியில் இருக்க வேண்டும். பெயரோடு உள்ள தரவை நாடு தாண்டிக் கொண்டுவருவதற்கும் விதிகள் உண்டு. விமான டிக்கெட் எடுத்தபிறகு இதைத் தொடங்கியவர்கள் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஆர். கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் பாடநூலை முதல் பக்கத்திலிருந்து படித்து அல்ல. தரவைத் திறந்து வைத்திருக்கும் ஒரு ஆய்வை எடுத்து, அதன் முதல் அட்டவணையை நீங்களே மறுபடி கணக்கிட்டுப் பாருங்கள். எண்கள் ஒத்துப்போகாதபோதுதான் விடுபட்ட தரவை என்ன செய்தார்கள், ஒரே வகுப்பு மாணவர்களைத் தனித்தனி ஆட்களாக எண்ணிவிட்டார்களா என்றெல்லாம் கேட்க வரும். இரண்டே வகுப்புகளை ஒப்பிட்டால் அறுபது மாணவர் இருந்தாலும் அது ஒரு வகுப்புக்கு எதிராக ஒரு வகுப்புதான் என்பதும் அப்போது புரியும். உங்கள் ஆய்வுக்கு எத்தனை வகுப்பு கிடைக்கும் என்று அடுத்த சந்திப்பிலேயே நெறியாளரிடம் கேட்டுவிடுங்கள். அந்த எண்ணைப் பொறுத்துத்தான் நேர்காணல் ஆய்வா புள்ளியியல் ஆய்வா என்று முடிவாகும், ஆரா என்விவோவா என்பதற்கும் விடை கிடைத்துவிடும்.