வெப் டெவலப்பர் கேள்வி பதில்: லைப்ரரியைத் தேடும் முன் பிரவுசரைப் பாருங்கள்

காரைக்குடி வட்டாரத்தில் வெப்சைட் வேலை செய்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் இந்த முறை ஐந்தை எடுத்திருக்கிறேன். நான்குக்கு, லைப்ரரி (பிறர் எழுதி வைத்த ரெடிமேட் கோடு) எதையும் இன்ஸ்டால் செய்யாமல் பிரவுசரிலேயே தீர்வு இருக்கிறது.

ஆத்தங்குடி: அண்ணே, எங்கள் டைல்ஸ் கேட்டலாக் பக்கம் மொபைலில் திறக்கவே மாட்டேன் என்கிறது. போட்டோக்கள் எல்லாம் கேமராவிலிருந்து நேரடியாக ஏற்றியவை.

அதுதான் காரணம் தம்பி. நாலாயிரம் பிக்சல் அகலப் படத்தை நானூறு பிக்சல் கட்டத்துக்குள் காட்டினாலும் டவுன்லோடு ஆவது முழுப் படம்தான். 400, 800, 1200 என மூன்று அளவில் சேமித்து, இமேஜ் டேகில் 'சோர்ஸ்செட்', 'சைஸஸ்' இரண்டையும் கொடுங்கள். தனக்கு வேண்டியதை பிரவுசரே எடுத்துக்கொள்ளும். அகலம், உயரம் இரண்டையும் டேகிலேயே எழுதினால் படம் வரும்போது பக்கம் குதிக்காது. கீழே இருக்கும் படங்களுக்கு 'லோடிங்' என்பதை 'லேஸி' ஆக்குங்கள். மேலே முதலில் தெரியும் பெரிய படத்துக்கு மட்டும் அதைப் போடாதீர்கள். போட்டால் அதுவும் தாமதமாகும்.

உங்கள் தொழிலுக்கு இன்னொன்று முக்கியம். சாதாரண வெப்பி (WebP) வகைப் படத்தில் நிறத் தகவல் நீளத்திலும் அகலத்திலும் பாதியாகக் குறைக்கப்படும். ஆத்தங்குடிக் கல்லில் சிவப்பும் வெள்ளையும் சேரும் கோடு கத்தியால் வெட்டியது போல இருக்க வேண்டும். அது அங்கே மசமசவென்று ஆகிவிடும். வாடிக்கையாளர் பெரிதாக்கிப் பார்க்கும் படத்தை மட்டும் நிறக் குறைப்பு இல்லாத ஜேபெக் ஆகவோ ஏவிஃப் ஆகவோ வைத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடி: பலகாரக் கடை சைட். பெயரைப் பத்து எழுத்தில் வெட்டினால் 'சீப்புச் சீடை' என்பது 'சீப்புச் ச' என்று நிற்கிறது. 'மனகோலம்' தேடினால் சில நேரம் கிடைப்பதில்லை.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். நாம் 'சீ' என்று ஒரே எழுத்தாகப் பார்ப்பது, ஜாவாஸ்கிரிப்டுக்கு ச, ஈகாரக் குறி என்று இரண்டு. 'காரைக்குடி' நமக்கு ஐந்து எழுத்து. 'லெங்த்' கேட்டால் பத்து என்று சொல்லும். அதனால் 'ஸ்லைஸ்' ஃபங்ஷனால் வெட்டும்போது எழுத்தின் நடுவிலேயே வெட்டு விழுகிறது.

பார்வைக்குச் சுருக்கினால் போதும் என்றால் சிஎஸ்எஸ்ஸில் 'டெக்ஸ்ட்-ஓவர்ஃப்ளோ: எலிப்சிஸ்' போட்டு விட்டுவிடுங்கள், கோடில் வெட்டவே வேண்டாம். எண்ணிக்கை கட்டாயம் வேண்டுமென்றால் 'இன்டல்.செக்மென்டர்' இருக்கிறது. மொழி 'டிஏ' (தமிழ்), அளவு 'கிராஃபீம்' என்று கொடுத்தால் க், கு, டி என்று முழு எழுத்தாகப் பிரித்துத் தரும். இப்போதைய பெரிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் உண்டு.

தேடல் கதை வேறு மாதிரி. 'கோ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்துடன் ஒரே ஓகாரக் குறி, அல்லது ஏகாரக் குறி, கால் என்று இரண்டு துண்டு. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஒப்பிட்டால் வேறு வேறு. வெவ்வேறு கீபோர்டிலும் பழைய ஃபைல்களிலும் இருந்து வரும் தமிழில் இந்தக் கலப்பு சகஜம். சேமிக்கும்போதும் தேடும்போதும் 'நார்மலைஸ்' ஃபங்ஷனை 'என்எஃப்சி' (துண்டுகளை ஒரே குறியாகச் சேர்க்கும் முறை) என்று கொடுத்து அழையுங்கள். ஒரே வரி வேலை. ஒரு பக்கம் மட்டும் செய்தால் பலனில்லை. ஏற்கெனவே டேட்டாபேஸில் இருப்பதையும் ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

கானாடுகாத்தான்: பழைய வீட்டில் தங்கும் அறைகளுக்கான புக்கிங் சைட் செய்கிறேன். விருந்தினர் 15ஆம் தேதி கேட்டால் 14 என்று பதிவாகிறது.

'டுஐஎஸ்ஓஸ்ட்ரிங்' அழைத்து முதல் பத்து எழுத்தை எடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த ஃபங்ஷன் நேரத்தை யூடிசி எனும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றும். நாம் ஐந்தரை மணி நேரம் முன்னே இருக்கிறோம். இங்கே 15ஆம் தேதி நள்ளிரவு 12 மணி என்பது யூடிசியில் 14ஆம் தேதி மாலை 6.30. போச்சு ஒரு நாள்.

நேர்மாறாகவும் நடக்கும். '2025-01-15' என்ற ஸ்ட்ரிங்கை அப்படியே 'நியூ டேட்'டுக்குக் கொடுத்தால் அது யூடிசி நள்ளிரவு. அமெரிக்காவிலிருந்து புக் செய்யும் நம்மூர்க்காரர் திரையில் 14 என்று தெரியும். உங்கள் ஊர் விருந்தினரில் வெளிநாட்டில் இருக்கிறவர்கள் பலர் என்பதால் இதைச் சாதாரணமாக விடாதீர்கள்.

அறைக்கு வரும் தேதி என்பது காலண்டரில் ஒரு கட்டம், அதற்கு நேரமே கிடையாது. டேட் இன்புட் தரும் மதிப்பு ஏற்கெனவே ஆண்டு-மாதம்-நாள் ஸ்ட்ரிங்தான். அதை டேட் ஆப்ஜெக்ட் ஆக்காமல் அப்படியே அனுப்பி, டேட்டாபேஸில் 'டேட்' வகை நெடுவரிசையில் வையுங்கள். காட்டும்போது ஃபார்மேட் செய்யத்தான் வேண்டும் என்றால் 'டைம்ஸோன்' யூடிசி என்று சேர்த்துவிடுங்கள். குரோம் டெவ்டூல்ஸில் 'சென்சார்ஸ்' பகுதிக்குப் போய் இடத்தை அமெரிக்க ஊராக மாற்றிச் சோதித்துப் பார்க்காமல் சைட்டை ஒப்படைக்காதீர்கள்.

காரைக்குடி, கல்லூரி மாணவி: விலையை 1,25,000 என்று காட்ட எந்த லைப்ரரி நல்லது அண்ணா?

எதுவும் வேண்டாம்மா. 'இன்டல்.நம்பர்ஃபார்மேட்'டில் 'இஎன்-ஐஎன்' (இந்திய ஆங்கிலம்) கொடு, லட்சக் கணக்கில் கமா விழும். கரன்சி 'ஐஎன்ஆர்' சேர்த்தால் ரூபாய்க் குறியும் வரும்.

தேவகோட்டை: வாடிக்கையாளர் எழுதும் ரிவ்யூவை 'இன்னர்ஹெச்டிஎம்எல்' வழியாகக் காட்டுகிறேன். சரிதானே?

இல்லை, இன்றைக்கே மாற்றுங்கள். 'இன்னர்ஹெச்டிஎம்எல்' எழுதியதை டேக், கோடு எல்லாமாகவே எடுத்துக்கொள்ளும். யாராவது ரிவ்யூவுக்குள் ஒரு இமேஜ் டேகும் 'ஆன்எரர்' கோடும் எழுதினால் அது அடுத்து வரும் ஒவ்வொருவர் பிரவுசரிலும் ஓடும். லாகின் செய்தவர் கணக்கையே கைப்பற்றலாம். 'டெக்ஸ்ட்கன்டென்ட்' பயன்படுத்தினால் எழுதியது வெறும் எழுத்தாகத்தான் விழும். வரி முறிவு போய்விடுகிறதே என்றால் சிஎஸ்எஸ்ஸில் 'ஒயிட்-ஸ்பேஸ்: ப்ரீ-லைன்'.