சென்னைக்கு நாலு மக் அனுப்ப ஜிஎஸ்டி எண் வேண்டுமா?

கேள்வி: பெங்களூரு லிங்கராஜபுரத்தில் வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் சின்னதாக ஒரு செராமிக் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஒரு வீல், ஒரு எலெக்ட்ரிக் சூளை. மக், தட்டு, கிண்ணம் எல்லாம் நானே கையால் செய்து இன்ஸ்டாகிராமில் விற்கிறேன். மாதம் சராசரியாக 55,000 ரூபாய் வருகிறது. சனி, ஞாயிறு வகுப்பு எடுப்பதில் இன்னொரு 25,000. சென்னை, கோவையிலிருந்தும் ஆர்டர் வர ஆரம்பித்திருக்கிறது, டிசம்பரில் சென்னையில் ஸ்டால் போடவும் ஆசை. 'வெளிமாநிலத்துக்கு ஒரு பீஸ் அனுப்பினாலும் ஜிஎஸ்டி கட்டாயம், இல்லாவிட்டால் யுபிஐ கணக்கையே முடக்கிவிடுவார்கள்' என்று சொல்லி ஒரு ஏஜென்ட் பதிவுக்கு 12,000, அப்புறம் மாதம் 1,500 கேட்கிறார். எடுத்துவிடட்டுமா? இன்னொன்று, ஒரு கடையில் 31 பீஸ் விற்பனைக்கு வைத்து ஐந்து மாதமாகிறது, ஒரு ரூபாய் வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: எடுக்க வேண்டாம். அந்த 12,000 ரூபாய்க்குக் களிமண்ணும் கிளேஸும் வாங்கிப் போடுங்கள்.

முதலில் அந்த யுபிஐ பயத்தைப் பார்த்துவிடலாம். 2025 ஜூலையில் நம் ஊர் டீக்கடை, பேக்கரி வாசல்களில் 'யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்' என்று அட்டை தொங்கியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அல்சூரில் நான் தினமும் டீ குடிக்கிற கடையில்கூடத் தொங்கியது. வரித்துறை யுபிஐ வரவுக் கணக்கை எடுத்து, ஜிஎஸ்டி பதிவுக்கான வரம்பைத் தாண்டியதாகத் தெரிந்த ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியிருந்தது. அந்தப் பீதியை வைத்துத்தான் இன்றுவரை ஏஜென்டுகள் பிழைப்பு நடத்துகிறார்கள். உங்கள் கணக்கு என்ன? 80,000 பெருக்கல் 12, வருடத்துக்கு 9.6 லட்சம். எந்த வரம்புக்கும் பக்கத்தில்கூட இல்லை. ஆனால் ஒரு வேலை செய்யுங்கள்: ஸ்டூடியோ வரவுக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு. வாடகைக்கென்று கணவர் அனுப்பும் பணம், சீட்டு எடுத்த பணம், தங்கை திருப்பித் தந்த கடன், மக் விற்ற காசு எல்லாம் ஒரே கியூஆர் கோடில் விழுந்தால் கம்ப்யூட்டருக்கு அது மொத்தமும் வியாபாரம்தான். நாளைக்கு எது எது என்று பிரித்துக் காட்டுகிற பாடு உங்கள் தலையில் விழும்.

வரம்பு 40 லட்சம் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். கர்நாடகத்தில் பொருள் மட்டும் விற்பவருக்குத்தான் 40 லட்சம். நீங்கள் வகுப்பும் எடுக்கிறீர்கள், அது சேவை. சேவை கலந்தாலே வரம்பு 20 லட்சம். ஒரே பான் எண்ணில் வரும் எல்லா வியாபார வரவும் இதில் சேரும், ஊரில் உங்கள் பெயரில் வாடகைக்கு விட்ட வீடு இருந்தால் அந்த வாடகையும் சேரும். சம்பளம் சேராது.

இப்போது வெளிமாநிலம். இங்கேதான் ஏஜென்ட் பாதி உண்மை சொல்கிறார், பாதி உண்மைதான் அவர்கள் சரக்கே. ஜிஎஸ்டி சட்டத்தின் 24ஆம் பிரிவைத் திறந்தால், மாநிலம் தாண்டிப் பொருள் விற்பவர் எவ்வளவு சின்னவராக இருந்தாலும் பதிவு செய்தே ஆக வேண்டும் என்றுதான் இருக்கும். ஓசூர் பக்கத்தில்தானே இருக்கிறது என்றெல்லாம் அது பார்க்காது. ஏஜென்ட் அந்தப் பக்கத்தைப் போனில் காட்டுவார். அடுத்து வந்த அறிவிப்பைக் காட்ட மாட்டார். 2017 செப்டம்பரிலேயே கைவினைப் பொருளுக்கு மட்டும் இதில் விலக்கு கொடுத்தார்கள், 2018 அக்டோபரில் பட்டியலைத் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். மண்பாண்டம், களிமண் பொருள், டெரகோட்டா அந்தப் பட்டியலில் இருக்கின்றன. மொத்த வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் வெளிமாநிலத்துக்கும் பதிவில்லாமல் விற்கலாம். சென்னை ஸ்டாலுக்கும் இதே விலக்குதான். இல்லாவிட்டால் தற்காலிகப் பதிவு, முன்பணமாக வரி என்று உயிரை எடுத்திருப்பார்கள்.

'எலெக்ட்ரிக் வீலில் செய்கிறேனே, சூளையும் கரண்டில் ஓடுகிறதே, அது கைவினையா?' என்று நிறைய பேர் கேட்கிறார்கள். கைவினைதான். பெரும்பாலும் கையால் செய்திருக்க வேண்டும், இடையில் கொஞ்சம் இயந்திரம் வந்தால் பரவாயில்லை என்று அறிவிப்பே சொல்கிறது. வீல் சுற்றித்தான் கொடுக்கிறது, சுவரை எழுப்புவது உங்கள் விரல். மக்கின் காதை இழுத்து ஒட்டுவதும் நீங்கள். ஆனால் உத்தரப் பிரதேசத்தின் குர்ஜாவிலிருந்து வெள்ளைக் கப் பெட்டி பெட்டியாக வாங்கி, பூ ஸ்டிக்கர் ஒட்டிச் சுட்டுவிட்டு 'ஹேண்ட்மேட்' என்று போடுபவர்கள் இந்த ஊரில் நிறைய உண்டு. அவர்களுக்கு இந்த விலக்கு பொருந்தாது. மாட்டினால் உங்களைப் போன்றவர்கள் பெயரும் கெடும், அது வேறு எரிச்சல்.

இந்த விலக்குக்குக் கைவினைஞர் அட்டை வேண்டும் என்று சொல்லி இன்னொரு 3,000 கேட்பார்கள். வேண்டியதில்லை. அந்த அட்டையை மத்திய ஜவுளி அமைச்சகம்தான் தருகிறது, கண்காட்சிகளுக்கு உதவும், வாங்கி வையுங்கள். ஆனால் அது இலவசம்.

விலக்கு கேட்பவர் செய்ய வேண்டியது இரண்டு. பான் எண் இருக்க வேண்டும், அது உங்களிடம் இருக்கிறது. இரண்டாவது இ-வே பில், அதாவது சரக்கு போகும்போது கூடவே இருக்க வேண்டிய, இணையத்தில் எடுக்கும் சீட்டு. இதை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் விலக்கைச் சரியாகச் சொல்லித் தருபவர்கள்கூட இதைச் சொல்வதில்லை. பெரிய வியாபாரி 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு அனுப்பினால்தான் பொதுவாக இ-வே பில் கேட்பார்கள். பதிவில்லாத கைவினைஞர் மாநிலம் தாண்டி அனுப்பினால்? மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டும். 900 ரூபாய் மக்குக்கும் வேண்டும். சின்னவருக்கு உதவி செய்கிறேன் என்று விதி எழுதினவர் அதே கையால் சின்னவரை மட்டும் இப்படி மாட்டிவிட்டதை நினைத்தால் எனக்கு இத்தனை வருடம் கழித்தும் வயிறு எரிகிறது. சரி, விதி விதிதான். இ-வே பில் தளத்தில் பதிவில்லாத குடிமக்களுக்கென்று தனி வழி இருக்கிறது, அதில் போய் நீங்களே எடுக்கலாம். சென்னை ஸ்டாலுக்கு 80 பீஸைக் காரில் ஏற்றிக்கொண்டு போகும்போது இதைக் கட்டாயம் எடுங்கள். வண்டி எண், பொருள், மதிப்பு போன்ற விவரங்களைக் கேட்கும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் சென்னைக்கு இரண்டு நாள் செல்லுபடியாகும். விற்காத சரக்கோடு திரும்பும்போது இன்னொன்று எடுக்க வேண்டும், அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

ஒவ்வொரு மக்குக்கும் இதைச் செய்ய வேண்டுமா என்று நீங்கள் தலையில் கைவைப்பது தெரிகிறது. அதற்கும் ஒரு வாசல் இருக்கிறது. இ-வே பில் வேண்டாத பொருட்கள் என்று விதியின் கடைசியில் ஒரு சின்ன இணைப்பு உண்டு. சமையல் கேஸ், நகை, முத்து என்று போகிற அந்தப் பட்டியலில் ஒரு வரி: அஞ்சல் துறை கொண்டுபோகும் தபால் சரக்கு. அதாவது தபால் ஆபீஸ் பார்சல். ஆகவே ஒன்றும் இரண்டுமாகப் போகிறவற்றை ஸ்பீட் போஸ்டில் போடுங்கள், 35 கிலோ வரை எடுத்துக்கொள்வார்கள். தனியார் கூரியர் கவுண்டரில் 'ஜிஎஸ்டி நம்பர் சொல்லுங்க மேடம்' என்று நச்சரிப்பதும் மிச்சம். உடையாதா என்றால், பெட்டிக்குள் பெட்டி வைத்து, நடுவில் நாலு பக்கமும் இரண்டு அங்குலம் செய்தித்தாள் திணியுங்கள், மக்கின் காதுக்கு உள்ளேயும் திணியுங்கள். காதுதான் முதலில் போகும். இதை என்னிடம் கணக்குப் பார்க்க வரும் ஒரு அம்மா சொல்லிக்கொடுத்தார்.

அதே அம்மாவின் கதையைத்தான் ஏஜென்ட் விஷயத்தில் சொல்ல வேண்டும். நாலு வருடத்துக்கு முன் ஜெராக்ஸ் கடையை ஒட்டி டேபிள் போட்டிருந்த ஒருவரிடம் பதிவு எடுத்தார். ஓடிபி வந்தது, சொன்னார், இன்னொன்று வந்தது, அதையும் சொன்னார். அந்த ஆள் பதிவில் தன் போன் நம்பரையும் தன் மெயிலையும் போட்டுவிட்டார். மூன்று மாதம் கழித்து டேபிளும் இல்லை, ஆளும் இல்லை. எண் வாங்கிவிட்டால் ஒரு ரூபாய் விற்காவிட்டாலும் 'பூஜ்யம்' என்று ரிட்டர்ன் போட வேண்டும் என்பதே இவருக்குத் தெரியாது. அறிவிப்பெல்லாம் அந்த ஆளின் மெயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. தாமதக் கட்டணம் ஏறி, பதிவு ரத்தாகி, ரத்தான பிறகும் கடைசி ரிட்டர்ன் ஒன்று போடணும் என்று நோட்டீஸ் வந்து, அதிகாரியிடம் மனு கொடுத்து போன் நம்பரை மாற்றி முடிக்க ஏழு மாதம் ஆனது. நல்லவேளை, அந்த எண்ணை வைத்து யாரும் போலி பில் போடவில்லை. அப்படியும் நடக்கிறது. சூளைக்கு முன் உட்கார வேண்டிய பெண் ஏழு மாதம் டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு ஜன்னலிலும் அவர் மேல்தான் தப்பு என்று சொன்னார்கள்.

ஆகவே நாளைக்கு நீங்கள் பதிவு எடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தாலும் ஓடிபி உங்கள் போனுக்கு வரட்டும், உங்கள் விரலே அதைத் தட்டட்டும். பதிவுக்கு அரசாங்கம் கேட்கும் கட்டணம் பூஜ்யம். விவரம் தெரிந்த ஒருவருக்கு நேரத்துக்கான கூலி கொடுப்பதில் தப்பில்லை, நானும் அதில்தான் சாப்பிடுகிறேன். பயமுறுத்திக் கேட்பவருக்கு மட்டும் கொடுக்காதீர்கள்.

அந்த நிலை எப்போது வரும்? வரவு 17, 18 லட்சத்தைத் தொடும்போது யோசிக்க ஆரம்பியுங்கள். அல்லது பெரிய ஆன்லைன் விற்பனைத் தளத்தில் ஏறி நாடு முழுக்க விற்க நினைத்தால். அங்கே மேலே சொன்ன கைவினை விலக்கு உதவாது. வெளிமாநிலத்துக்கு எந்த வழியிலும் பொருள் அனுப்பாமல் கர்நாடகத்துக்குள் மட்டும் விற்பவர் என்றால் 2023 அக்டோபரிலிருந்து ஒரு சேர்க்கை எண் மட்டும் வாங்கிக்கொண்டு தளத்தில் விற்கலாம். உங்கள் சொந்த இன்ஸ்டா பக்கம் இந்தக் கணக்கில் வராது. ஏதாவது ஐடி கம்பெனி தீபாவளிக்கு 400 மக் கேட்டு, ஜிஎஸ்டி பில் இருந்தால்தான் ஆர்டர் என்றால் அப்போது உட்கார்ந்து பேசலாம். அதுவரை சாதா பில் புத்தகம் போதும், அதில் வரி என்று ஒரு பைசா போடக் கூடாது. பதிவில்லாதவர் ஜிஎஸ்டி வசூலிப்பது குற்றம்.

இனி அந்தக் கடை. 31 பீஸ் கொடுத்தபோது கையெழுத்து வாங்கினீர்களா? வாங்கியிருக்க மாட்டீர்கள், யாரும் வாங்குவதில்லை. கடைக்காரர் உங்கள் மக்கைக் காசு கொடுத்து வாங்கவில்லை, விற்றால் தருகிறேன் என்று அலமாரியில் வைத்திருக்கிறார், மேலே 40 சதவீதம் கமிஷன் வேறு. அவருக்கு இதில் நஷ்டமே கிடையாது. உடைந்தால் உங்களுடையது என்பார், தூசி படிந்தால் உங்களுடையது என்பார், விற்றது எப்போது என்பது மட்டும் அவருடையது. என்னைக் கேட்டால் கமிஷனுக்கு வைப்பதைவிட, கொஞ்சம் விலை குறைத்தாவது மொத்தமாக வாங்கிக்கொள்ளும் கடைக்குக் கொடுங்கள். அப்படி வாங்கினால் சட்டமும் உங்கள் பக்கம் கொஞ்சம் சாயும். சிறுதொழில்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவு ஒன்று எடுத்து வையுங்கள், ஆதாரும் பானும் போதும், அதுவும் இலவசம். அதே மாதிரி பெயரில் காசு கேட்கும் தளங்கள் தேடலில் முதலில் வரும், அரசுத் தளத்தில் மட்டும் போடுங்கள். அதன் பிறகு உங்களிடம் சரக்கு வாங்குபவர் எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில், இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் தந்தாக வேண்டும், தாமதித்தால் கூட்டு வட்டி. 'நான் வாங்கவே இல்லையே, வைத்துத்தானே இருக்கிறேன்' என்று கமிஷன் கடைக்காரர் நழுவப் பார்ப்பார். அதனால்தான் எழுத்து வேண்டும் என்கிறேன்.

இந்த 31 பீஸுக்கு இப்போது செய்யக்கூடியது இது. வகுப்பு முடிந்த ஒரு சாயங்காலம் சொல்லாமல் கடைக்குப் போங்கள். சண்டை வேண்டாம். அலமாரியில் இருப்பதை எண்ணி, அடியில் இருக்கும் உங்கள் முத்திரை தெரிகிற மாதிரி ஒவ்வொன்றையும் போட்டோ எடுங்கள். 19 இருந்தால் 12 விற்றுவிட்டது, அல்லது உடைந்துவிட்டது, இரண்டுக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அங்கேயே நின்று, '12 பீஸுக்கு கமிஷன் போக இவ்வளவு வர வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள் அண்ணா' என்று வாட்ஸ்அப்பில் அவருக்கே அனுப்புங்கள். அவர் ஒரு கட்டைவிரல் காட்டினாலும் அதை ஆதாரமாக வைத்துக்கொள்ளுங்கள். மீதி 19ஐயும் கையோடு எடுத்து வந்துவிடுங்கள், செய்தித்தாளும் அட்டைப்பெட்டியும் நீங்களே கொண்டு போங்கள். அங்கே கேட்டால் இல்லை என்பார்கள்.