அந்தப் பத்தாயிரத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: விசைத்தறி வேலைக்குப் போகிறேன். கணவர் இல்லை. மகன் ஐடிஐ முடித்துவிட்டு லேத் பட்டறையில் இருக்கிறான். மகள் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து இப்போது பிளஸ் டூ முடித்திருக்கிறாள். இன்ஜினீயரிங் படிக்க ஆசை. ஒரு கல்லூரிக்காரர்கள் வீடு தேடி வந்து, "பத்தாயிரம் அட்வான்ஸும் ஒரிஜினல் சர்டிபிகேட்டும் கொடுத்தால் சீட் உறுதி" என்கிறார்கள். தோட்டை அடகு வைத்துக் கொடுத்துவிடவா?
- வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: வேண்டாம் சகோதரி. தோடு உங்கள் காதிலேயே இருக்கட்டும்.

அவர்கள் தருவது, அரசு நடத்தும் கலந்தாய்வு இல்லாமல் கல்லூரியே நேரடியாகச் சேர்க்கும் நிர்வாக ஒதுக்கீட்டு இடம். அதில் சேர்ந்தால் உங்கள் மகளுக்கு அரசு தரும் பெரிய சலுகைகள் கைவிட்டுப் போய்விடும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு, 2021 முதல் பொறியியலிலும் 7.5 சதவீத இடங்கள் தனியாக ஒதுக்கப்படுகின்றன. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டும். ஆனால் கலந்தாய்வு வழியாகப் போனால்தான் இது உண்டு.

அதில் கிடைக்காமல் போனாலும், பொதுக் கலந்தாய்வில் சேர்ந்தால், குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரி சலுகை இருக்கிறது. கல்விக் கட்டணத்தில் கணிசமாகக் குறையும். மகன் படித்த ஐடிஐ பட்டப்படிப்பு ஆகாது, அதனால் தடையில்லை. முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இன்றைக்கே விண்ணப்பியுங்கள். போன வருஷம் எங்கள் தெருப் பையனின் மனு, ரேஷன் கார்டில் அப்பா பெயர் ஓர் எழுத்து மாறியிருந்ததால் திரும்பி வந்தது. அவன் அம்மா கூலியை விட்டுவிட்டு, மஞ்சள் பையோடு மூன்று நாள் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றார். ஆதார், ரேஷன் கார்டு, மார்க் ஷீட் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று மகளையே எழுத்துக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வருமானச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் கூடவே வாங்கி வையுங்கள். கல்லூரியில் சேர்ந்த பிறகு பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குத் தேவைப்படும். அப்புறம் அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதுவும் உண்டு. பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் அவள் உங்கள் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்காது. அதையும் மீறிப் பணம் தேவைப்பட்டால் வட்டிக்காரரிடம் போகாதீர்கள், வங்கியில் கல்விக்கடன் கேளுங்கள். 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் தேவையில்லை.

சர்டிபிகேட்டை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். மாணவர்களின் அசல் சான்றிதழைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்பது யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி. கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க அலைந்தவர்கள் எழுதிய கடிதங்கள் எனக்கு எத்தனையோ வந்திருக்கின்றன.

நாளைக் காலை மகளோடு பள்ளிக்குப் போய், ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றை எப்படி வாங்குவது என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். கலந்தாய்வு விண்ணப்பத்தைத் தனியாக நிரப்பத் தயக்கமாக இருந்தால், மாவட்டத்திலேயே உதவி மையம் இருக்கிறது. அந்தக் கல்லூரிக்காரர் மறுபடி வந்தால், "கவுன்சலிங் முடியட்டும், பார்க்கலாம்" என்று வாசலிலேயே சொல்லி அனுப்புங்கள்.