பத்தாவது ஃபெயிலாகி ஊர் சுத்துற தம்பிய வழிக்குக் கொண்டுவர என்ன செய்யலாம்?

தம்பிக்கு 16 வயசு, ஸ்கூல் நின்னாச்சு, கூட்டாளிங்க சேர்க்கை சரியில்ல, தொழிற்பயிற்சில விடவா இல்ல கலை ஏதாவது படிக்க விடவான்னு கேட்டிருக்கீங்க. ரெண்டும் வேணும். ஆனா எல்லாரும் முதல்ல ஐடிஐ ஃபார்ம் வாங்கத்தான் ஓடுவாங்க, நான் என்ன சொல்லுவேன்னா முதல்ல அவன் சாயங்காலத்துக்கு ஒரு வழி பண்ணுங்க.

நான் கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை பக்கம், வயரிங் வேலை, கூடவே ஒரு சிங்காரி மேளம் செட்ல (திருவிழாவுக்கு கூட்டமா நின்னு அடிக்குற கேரளா மேளம்) செண்டை அடிக்கேன். எங்க செட்டுக்கு வர்ற பயலுவ நிறைய பேரு உங்க தம்பி மாதிரிதான். பகல்ல எவனும் பெருசா கெட்டுப்போறதில்ல, ஆறரை மணிக்கு மேல கலுங்குல, அதான் ரோட்டோர சின்ன பாலத்துல, கூடுவானுவ பாருங்க அங்கதான் பொடியும் பொட்டலமும் கைமாறும், எங்க பிராக்டிஸும் அதே நேரம்தான். புதுசா வர்றவனுக்கு ஆசான் செண்டைய தொடவே விடமாட்டாரு, புளிமுட்டிய (புளியமரக் கட்டை) கையில குடுத்து கல்லுல அடிச்சுப் பழகுன்னு மாசக்கணக்கா உட்கார வச்சிருவாரு. ரெண்டு நாள்ல ஓடிருவான்னு நினைப்பீங்க, பெரும்பாலும் ஓடமாட்டான், ஏன்னா பக்கத்துல இன்னொருத்தனும் அதே கல்ல அடிச்சுட்டு இருப்பான், ஒருநாள் வரலன்னா மறுநாள் "எங்க மக்கா போன"ன்னு கேக்க ஆள் இருக்கும். கோயில் கொடை, சர்ச் பெருநாள் சீசன்ல கையில கொஞ்சம் காசும் வரும். எல்லா செட்டும் நல்லதுன்னு சொல்லமாட்டேன், புரோகிராம் முடிஞ்ச கையோட பாட்டில் திறக்குற செட்டும் இருக்கு, சேக்குறதுக்கு முன்னாடி ஒரு புரோகிராமுக்கு பின்னாலயே போய் பாத்துக்கோங்க. மேளம் பிடிக்கலன்னா சிலம்பம், களரி எதுன்னாலும் சரி. கலை பண்பாட்டுத் துறையோட ஜவகர் சிறுவர் மன்றமும் இருக்கு, ஆனா அது 5லருந்து 16 வயசு வரைக்கும்தான், தம்பிக்கு அந்த வயசு முடியப்போகுது, வீட்டுல சின்னவங்க இருந்தா அவங்கள விடலாம்.

இனி ஐடிஐ. பத்தாவது ஃபெயில்னா கதை முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க, வெல்டர், வயர்மேன் மாதிரி சில டிரேடுக்கு எட்டாவது பாஸ் போதும், நாகர்கோவில் கோணத்துல அரசு ஐடிஐ இருக்கு, பயிற்சிக்கு ஃபீஸ் இல்ல, மாசம் 750 ரூபா உதவித்தொகை, பஸ் பாஸ் எல்லாம் உண்டு. வெல்டர் ஒரு வருஷத்துல முடியும், அதனால எல்லாரும் அதுக்குத்தான் போவாங்க. நான் வயர்மேன்தான் சொல்லுவேன், என் தொழில்ங்கறதுக்காக இல்ல, அது ரெண்டு வருஷ கோர்ஸ். எட்டாவது முடிச்சு ரெண்டு வருஷ ஐடிஐ பாஸாகி, பத்தாவது பரீட்சையில தமிழும் இங்கிலீஷும் மட்டும் எழுதி பாஸானா பத்தாவதுக்கு சமம்னு தமிழ்நாட்டுல சர்டிபிகேட் தர்றாங்க. கணக்குல முட்டி நிக்குற பயலுக்கு இதவிட நல்ல வழி கிடையாது, ஆனா இத ஸ்கூல்ல யாரும் சொல்றதே இல்ல. பிரைவேட் ஐடிஐன்னா மத்திய அரசு அங்கீகாரம் (என்சிவிடின்னு சொல்லுவாங்க) அந்த டிரேடுக்கு இருக்கான்னு கேட்டுட்டு காச கட்டுங்க.

சிக்கல் வர்றது ரிசல்ட்டுக்கும் கிளாஸ் தொடங்குறதுக்கும் நடுவுல. மே மாசம் ரிசல்ட் வரும், கிளாஸ் ஆகஸ்ட் பக்கம்தான். அதுக்குள்ள பய கான்கிரீட் வேலைக்கோ மீன்பிடி போட்லயோ போயி தினக்கூலி கையில பாத்துட்டான்னா பிறகு 750 ரூபாய எவன் மதிப்பான்? நான் மேளத்த முன்னாடி வச்சது இதுக்குத்தான். அந்த மூணு மாசமும் அவன் ஊர்லயே, உங்க கண்ணு முன்னாடி கிடப்பான்.

நீங்க கடற்கரை ஊர்க்காரங்கன்னா, அவன் ஜூலை துணைத்தேர்வுல பாஸாகிட்டா கொச்சியில சிஃப்னெட் இருக்கு, 1963லருந்து நடக்குற மத்திய அரசோட மீன்பிடிப் பயிற்சி நிறுவனம், மீன்பிடிக் கப்பல் ஓட்டுறதுக்கும் இன்ஜின் வேலைக்கும் ரெண்டு வருஷ கோர்ஸ், சென்னையிலயும் கிளை உண்டு. கணக்கு, சயின்ஸ் மார்க் கேப்பாங்க. வள்ளத்துல போயி வளந்த பயலுக்கு கிளாஸ்ல உட்காரவும் ஒரு காரணம் கிடைக்கும்.

கஞ்சா பழக்கம் ஏற்கனவே இருக்குன்னு தெரிஞ்சா மேளமும் வேண்டாம் ஐடிஐயும் வேண்டாம், முதல்ல ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ்ல மனநல டாக்டர்ட்ட கூட்டிட்டு போங்க. அப்புறம் உங்க அப்பாட்ட மட்டும் ஒண்ணு சொல்லி வைங்க, பய ஃபெயிலான கதைய சாயாக்கடையில வச்சு பேசாம இருக்கச் சொல்லுங்க.