வாசகர் கேள்வி: மலிவான சிறிய கைத்துப்பாக்கிகளில் எது நல்லது?

கேள்வி: திருகோணமலை நகரில் நகைக்கடை வைத்திருக்கிறேன். இரவில் அன்றைய விற்பனைப் பணத்துடன் வீடு திரும்ப அச்சமாக இருக்கிறது. விலை குறைந்த சிறிய கைத்துப்பாக்கிகளில் டோரஸ் ஜி2சி நல்லது என்கிறார் அமெரிக்காவிலுள்ள என் மருமகன்; ரூகர் எல்சிபி அதைவிடச் சிறியதாம். எதைத் தெரிவுசெய்யலாம்?
– வாசகர், உவர்மலை

பதில்: உங்கள் மருமகன் சொல்வது அவர் வாழும் நாட்டுக்குப் பொருந்தும். பிரேசில் நிறுவனமான டோரஸின் ஜி2சி, அங்கே 300 டொலருக்கும் குறைவாகக் கிடைத்துவந்த, 9 மில்லிமீற்றர் விட்டமுள்ள 12 ரவைகள் கொள்ளும் கைத்துப்பாக்கி. ரவைகள் இல்லாதபோது ரூகர் எல்சிபியின் எடை ஏறத்தாழ 270 கிராம்தான், சட்டைப்பையில் அடங்கிவிடும். ஆனால் கருவி சிறுக்கச் சிறுக்கச் சுடுவது கடினமாகும் என்பதைப் புதிதாக வாங்குவோர் பெரும்பாலும் எண்ணிப்பார்ப்பதில்லை. பிடி குட்டையாக இருப்பதால் சுண்டுவிரலுக்கு இடமிராது. எடை குறைவதால், சுடும்போது துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும் பின்னுதைப்பு முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். குறிபார்ப்பதற்காகக் குழலின் மேலுள்ள முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி குறுகுவதால் சிறு கைநடுக்கமும் குறியைப் பெரிதும் விலக்கிவிடும். ஆகவே, அங்கே வாங்குவோர் துப்பாக்கியின் விலையோடு பயிற்சி ரவைகளின் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இலங்கையிலோ தெரிவு உங்கள் கையில் தொடங்குவதே இல்லை. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். தற்பாதுகாப்புக்கான அனுமதியைப் பாதுகாப்பு அமைச்சே வழங்குகிறது, அதையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பெற்ற அனுமதியும் நிலையானதன்று: தற்பாதுகாப்புக்கென வழங்கப்பட்ட துப்பாக்கிகளையெல்லாம் மீளாய்வுக்காகத் தற்காலிகமாக ஒப்படைக்குமாறு 2024 நவம்பரில் அமைச்சு பணித்தது. மருமகன் பொதிக்குள் வைத்து அனுப்பலாமே என்ற எண்ணம் தலைதூக்கினால், அதை இன்றே கைவிடுங்கள்.

அனுமதி கிடைத்தாலும், தற்காப்புக்குத் தேவையான அளவை மீறித் தீங்கு விளைவிக்கும் உரிமையைத் தண்டனைச் சட்டக்கோவை எவருக்கும் தருவதில்லை. பையைப் பறித்துக்கொண்டு ஓடுபவனின் முதுகில் சுட்டுவிட்டு, உயிருக்கு அஞ்சிச் சுட்டேன் என்று நீதிமன்றத்தில் நிறுவுவது எளிதன்று.

என் கருத்தில், உங்களுக்கு ஆபத்தைத் தேடித்தருவது நீங்கள் சுமந்துசெல்லும் பணம்தான். பகலிலேயே அதை வங்கியில் வைப்பிலிடுங்கள். இரவில் வருவதைக் கடையின் இரும்புப் பெட்டகத்தில் பூட்டி, வெறுங்கையோடு புறப்படுங்கள். எவரேனும் மிரட்டியிருந்தால் பொலிஸில் முறைப்பாடு செய்து அதன் பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். பின்னர் அமைச்சுக்கு விண்ணப்பிக்க நேர்ந்தால், உங்கள் தேவையை விளக்க அது உதவும்.